நிலாவில் அம்மைத் தழும்பு பார்த்தவளின் பேர்

இதை எழுத வேண்டுமென்று எத்தனையோ நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, கீழே ஒரு வரி எழுதி, அதற்கு மேல் கை போகாமல் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். மிச்ச நோட்டு பால் கணக்குக்கும் மளிகைக் குறிப்புக்கும் போய்விடும். அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் அவளை நினைத்துப் பயந்தேன். அவள் போன பிறகு, பதில் சொல்ல வாயில்லாதவளைப் பற்றி எழுதலாமா என்று பயந்தேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் என் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பாடுகிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பெரட்டு என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் ஆள்களை வரிசையில் நிறுத்தி, கணக்கு எழுதுகிற கிராணி புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு.

இப்போது எழுதத் துணிந்ததற்குக் காரணம் என் தம்பி. எல்லாம் முடிந்த பிறகு பிறந்தவன். போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து மேசைக்காரர்களிடம், "எங்க அக்கா ஒருத்திய வானத்துல இருக்கிற கிரகம் கொண்டு போயிருச்சு, தெரியுமாலா?" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் கறித்துண்டை வாயில் வைத்தபடி, "அப்படியா அண்ணே!" என்றார்கள். அவன் மேல் குற்றமில்லை. அம்மா அவனுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்தாள். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே இந்த நோட்டை வாங்கிவிட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் ஈப்போ பக்கம், செமோருக்கு மேலே மலையடிவாரத்தில் இருந்தது. பேர் வேண்டாம். இப்போது அங்கே போனாலும் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு நடும் செம்பனை. வெள்ளைக்காரர்களின் முதல் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். எனக்கு எட்டு வயசு. ஆனால் நான் சோனி, பார்த்தால் ஐந்து என்றுதான் சொல்வார்கள். தங்கைக்கு ஐந்து. அவள் கொஞ்சம் கொழுகொழுவென்று இருப்பாள்.

தங்கையைக் குப்பாயி என்று கூப்பிட்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு மூத்தவன் ஒருவன், எனக்கு இளையவன் ஒருவன், இரண்டு பேரையும் ஒரே வருஷத்துக் காய்ச்சல் கொண்டு போனது. அந்த வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர், மருந்து கொடுக்கிறவர், கையில் லிஸ்டோடு நாங்கள் இருந்த வரிசை வீட்டு லயத்துக்கு வந்து, ஒவ்வொரு வாசலிலும் பேர் கூப்பிட்டு, கூப்பிட்ட பிள்ளைகளை மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குக் கொண்டு போனாராம். என் அண்ணன் தம்பி பேரைக் கூப்பிட்டதும் அம்மாவே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தாள். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. என் பேர் லிஸ்டில் விட்டுப்போயிருந்தது. எனக்கும் காய்ச்சல் இருந்தது. நான் லயத்திலேயே கிடந்து பிழைத்தேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. எமனுக்கு முகம் தெரியாது, பேர்தான் தெரியும். அடுத்து பிறந்த தங்கையைக் குப்பை மேட்டில் புரட்டி எடுத்து, குப்பாயி என்று ஊர் அறியக் கூப்பிட்டாள். ஊரில் பிள்ளை தங்காதவர்கள் செய்வதுதான். அம்மா அதற்கு மேலும் ஒன்று செய்தாள். மாரியம்மன் கோயிலில் பூசாரியை வைத்து ஒரு நல்ல பேரும் வைத்தாள். அதை அம்மனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பூசாரி சொன்னார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். விளக்குத் திரி கிள்ளிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் காதில் விழுந்தது. தங்கைக்குத் தெரியாது. பெரிய மனுஷியாகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா வைத்திருந்தாள். ஆபீஸ் புத்தகத்திலும் அவளுக்குப் பேர் இல்லை. 'பெண் பிள்ளை' என்று மட்டும் இருந்தது.

சின்னத் தொரை அந்த வருஷம்தான் புதுசாக வந்தார். கல்யாணமாகாதவர். அவர் பங்களா வராந்தாவில் மூன்று காலில் நிற்கும் பித்தளைக் குழாய் ஒன்று இருந்தது, வானத்தைப் பார்ப்பதற்கு. பால் வெட்டு முடிந்த பிறகு அம்மா அந்தப் பங்களாத் தோட்டத்தில் புல் பிடுங்கப் போவாள். நாங்கள் இரண்டு பேரும் கூடப் போவோம். அந்தப் பித்தளைக்குப் போடும் எண்ணெய் வாசனையும் தொரை வாயில் வைத்திருக்கும் சுங்கானின் புகையிலைப் புகையும் இப்போதும் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது. லயத்தில் எல்லாவற்றிலும் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் நாற்றம். அங்கே போனால்தான் வேறு ஒரு வாசனை.

"இந்தத் தொரைக்கு தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் போட்டு வைக்கணும்டி" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவாள். "இருக்கிற எடத்துல பாக்க ஆயிரம் இருக்கு, மேல என்னத்தப் பாக்குறானோ."

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். நிலா மேலே வந்துவிட்டது, வெளிச்சமும் இன்னும் போகவில்லை. தொரை தங்கையைத் தூக்கி முக்காலியில் நிறுத்தி, குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார். பெரிய கிராணி சம்பளப் புத்தகத்தோடு வந்து நின்றிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டுப் போட்டு நெற்றியில் திருநீறு பூசியிருப்பார்.

"பிள்ளை, என்ன தெரியுது எண்டு தொரை கேக்கிறார்" என்றார் கிராணி.

தங்கை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நெலாவுக்கு அம்மை போட்டிருக்கு. தழும்பு தழும்பா இருக்கு. வேப்பிலை வைக்கலையா?"

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னதும் தொரை சுங்கானைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். எனக்கும் பார்க்க வேண்டும் போல இருந்தது. என்னை யாரும் தூக்கவில்லை.

அன்றைக்குத்தான் தொரை அந்தச் சங்கதியைச் சொன்னார். கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார். அம்மா கையில் புல்லோடு நின்று கேட்டாள்.

தொரைக்கு ஒரு அண்ணன் சீமையில் இருக்கிறார். அவருக்கு வானத்தைப் பார்ப்பதே வேலை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சின்னச் சின்னக் கிரகங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, மண்ணாங்கட்டி மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, இந்தக் குழாயிலும் தெரியாது. ராத்திரி முழுக்கப் படம் பிடித்து, மற்ற நட்சத்திரமெல்லாம் புள்ளியாக நிற்க, எது கோடாக இழுத்திருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டதும் முதலில் ஒரு எழுத்துத்தான் போடுவார்கள். பிறகு அது போகிற பாதையைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் நம்பர். நம்பர் வந்த பிறகுதான் பேர். அந்தப் பேரை வைக்கிற உரிமை கண்டுபிடித்தவருக்கு.

"எங்கட ஆக்களுக்கும் அப்பிடித்தானே, முதல்ல நம்பர், பிறகு பேர்" என்று கிராணி தனக்குள் சிரித்துக்கொண்டார். தோட்டத்து ஆள்களைச் சொன்னார்.

"என்ன பேரு சாமி வைப்பாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பொம்பிளைப் பேர்தான் வழக்கம். ஒருத்தர் மனிசி பேர் வைப்பார், ஒருத்தர் மகள் பேர். பட்டணத்துப் பேரும் உண்டு. ஒரு பெரிய மனுசர் தன்ர நாய்க்குட்டியின்ர பேரையும் வச்சிருக்கிறாராம். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில, இது ஆர், ஏன் வச்சது எண்டு ஒரு வரி எழுத வேணும்."

"நாய் பேரா, கெரகத்துக்கா!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்குக் கிரகம் என்றால் கோயிலில் ஒன்பது பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்பார்களே, அதுதான். எள் விளக்கு ஏற்றிச் சுற்றி வந்து, எங்களை விட்டுவிடு என்று கும்பிட்டு வருவோம். அதற்குப் போய் நாயின் பேரா?

தொரையின் அண்ணன் புதுசாக ஒன்றைக் கண்டிருக்கிறாராம். அதற்குத் தம்பியே ஒரு பேர் சொல்லலாம் என்று எழுதியிருந்தாராம். நிலாவுக்கு அம்மை என்று சொன்ன இந்தக் குழந்தையின் பேரைத்தான் வைக்கப் போகிறேன் என்றார் தொரை.

"பிள்ளையின்ர பேர் என்ன?"

"குப்பாயிங்க."

கிராணி முகம் சுளித்தார். "அது கூப்பிடுற பேர். குப்பையை வானத்தில போட ஏலாது. நல்ல பேர் என்ன?"

"அவ்வளவுதாஞ் சாமி. வேற பேரில்ல" என்றாள் அம்மா. என் கையையும் தங்கை கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பிடுங்கின புல் அங்கேயே கிடந்தது.

ரெண்டு நாள் கழித்து ஆபீஸ் பக்கம் கிராணி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏய் பிள்ளை, நீ கெட்டிக்காரி. உன்ர தங்கச்சிக்கு வேற பேர் இருக்குதோ?"

நான் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "எம் பேர வைங்க சாமி" என்றேன்.

அவர் சிரித்தார். "தொரை கேட்டது உன்ர பேரை இல்லை."

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அவளைவிட எனக்கு ஒன்று கூடத் தெரியும் என்று காட்ட வேண்டும் போல் இருந்தது. சொல்லிவிட்டேன். அம்மனுக்கு மட்டும் சொன்ன பேரை ஆபீஸ் படியில் நின்று சத்தமாகச் சொன்னேன். கிராணி கோட்டுப் பையிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தார், தொரையின் குழாயிலிருந்து கழன்று விளிம்பு உடைந்தது. அதை வைத்துப் பார்த்தால் எறும்பின் கால் மயிர்கூடத் தெரியும். அன்றைக்கு முழுக்க அதை மூடின கையைத் திறக்கவே இல்லை.

அடுத்த பெரட்டில் அம்மா அப்பாவோடு நானும் போயிருந்தேன். மலைக்கு மேலே நட்சத்திரம் இன்னும் இருந்தது. நனைந்த சாக்கு வாடை, மண்ணெண்ணெய் விளக்கின் புகை. கிராணி பேரெல்லாம் கூப்பிட்டு முடித்துப் புத்தகத்தை மூடப் போனவர், மூடாமல் சிரித்தார்.

"இண்டைக்கு ஒரு புதுப் பேர் பதிஞ்சிருக்கிறன். தொரை கடிதம் எழுதிப் போட்டுட்டார். இந்தத் தோட்டத்துப் பிள்ளையின்ர பேர் வானத்துக்குப் போகப் போகுது!" என்று சொல்லிவிட்டுத் தங்கையின் பேரை முழுசாகச் சொன்னார். சந்தோஷத்தில் இன்னொரு தரம் சொன்னார். காதில் விழாத பின்வரிசைக்காரர்கள் கேட்டதற்காக மூன்றாவது தரமும் சொன்னார்.

"என்னா அண்ணி, ஒம் மவ வானத்துல லயம் கட்டிக்கிட்டாளா? எங்களுக்கும் ஒரு காம்பரா புடிச்சு வையி!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. அண்ணாந்து மேலே பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் கழுத்து நரம்பு தெரிந்தது. பால்வாளி கையிலிருந்து விழுந்து, சரிவில் உருண்டு போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யார் சொன்னது என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு என்னை மட்டும் கூட்டிப்போனாள். மஞ்சள் கயிறு ஒன்றை அம்மன் காலடியில் வைத்து எடுத்து என் மணிக்கட்டில் கட்டினாள். கட்டிக்கொண்டே என் காதில் தங்கையின் பேரைச் சொன்னாள்.

"இன்னையிலேருந்து இதாண்டி ஒம் பேரு. யார் கூப்பிட்டாலும் நீதான் 'ஏன்'னு கேக்கணும். பழைய பேரச் சொன்னா திரும்பிப் பாக்காத. அம்மன் மேல சத்தியம் பண்ணு."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வானத்துக்குப் போகிற பேர் எனக்கே வந்துவிட்டது! குளித்த ஈரத்தோடு, கற்பூர வாசனையோடு, நான் குதித்துக் குதித்து வீட்டுக்கு வந்தேன். அம்மா பின்னால் வந்தாள். ஒரு தரம்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

சில நாள் கழித்து, பீலிக்கரையில் துணி துவைக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் கேட்டாள். "ஏன்டி, பெரியவளும் நீ பெத்ததுதானே?"

அம்மா துணியை அடித்துக்கொண்டே சொன்னாள்: "பெருசு தாங்கும்க்கா. அந்தக் காய்ச்ச வருசத்துலயே அத ஒண்ணும் பண்ணல. சின்னது தாங்காது."

நான் கல்லுக்குப் பின்னால் கண்ணாடியை வைத்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புரியவில்லை. சோறு தின்னும்போது புரிந்தது.

அதற்குப் பிறகு நான் மேலே பார்ப்பதை விட்டேன். அந்தச் சின்னக் கிரகம் கண்ணுக்குத் தெரியாது என்று கிராணி சொன்னதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. தெரிந்தால் ஒளிந்துகொள்ளலாம். கூரைத் தகரம் வெயிலில் விரிந்து டக் என்றால் வந்துவிட்டது என்று நினைப்பேன். சாயங்காலம் அம்மனிடம் போய் நிற்பேன். என்னை விட்டுவிடு என்று கேட்கத் தோன்றும், ஆனால் என்னை விட்டால் அவளிடம் போகுமே என்று பயந்து, ஒன்றும் கேட்காமல் திருநீறு பூசிக்கொண்டு வருவேன். எட்டு வயசில் அப்படிக் கும்பிட்டவள் நான். இன்றைக்கும் சாமியிடம் எதையும் கேட்டு வாங்கத் தெரியாது எனக்கு.

மழை பிடித்தது. பள்ளத்தில் தண்ணீர் கட்டி, லயத்தில் கொசு அப்பியது. வீட்டுக்கு ஒருத்தர் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். பெரிய கிராணியும் காய்ச்சலில் விழுந்து, ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னைத் தேடி வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்த நேரத்தில், தங்கைக்கு உடம்பு அனலாகச் சுட்டது.

அம்மா அவளைச் சாக்குத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, இருக்கிற துணியெல்லாம் போர்த்தினாள். வேப்பிலை வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை டிரெசர் வந்தார். வேலைக்குப் புதுசு. எங்கள் யாரையும் முகம் தெரியாது. கையில் லிஸ்டு, பின்னால் கொய்னா மருந்துப் பானை தூக்கிக்கொண்டு ஒரு ஆள். லயத்தில் இருபது வாசல். முதலில் எங்கள் வாசலுக்கு வந்து, முதல் பேராகத் தங்கையின் பேரைக் கூப்பிட்டார்.

ஏன் முதலில் எங்கள் வாசல் என்று பின்னால்தான் தெரிந்தது. சின்னத் தொரை தன் கையாலேயே அந்தப் பேரை லிஸ்டின் மேலே எழுதி, இந்தப் பிள்ளையை முதலில் பார், மருந்து தவறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். வானத்துக்கு எழுதிக் கொடுத்த பேர் அல்லவா. நல்லது நினைத்துத்தான் செய்தார்.

அம்மாவுக்குக் கேட்டது வேறு. லிஸ்டு, டிரெசர், பிள்ளையின் பேர். அண்ணனையும் தம்பியையும் கூப்பிட்ட அதே மாதிரி.

திரைக்குப் பின்னாலிருந்து தங்கை முனகினாள். "யாரும்மா, யாரக் கூப்புடுறாங்க?"

அவளுக்குத் தன் பேர் தெரியாது.

"ஒண்ணுமில்ல. நீ படு" என்று அம்மா குனிந்து சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள். "இவதாங்க அது."

டிரெசர் என்னைக் குனிந்து பார்த்தார். "அஞ்சு வயசுன்னு போட்டிருக்கு. சரியாத்தான் இருக்கு." நெற்றியைத் தொட்டார். "காய்ச்சல் இல்லையே?"

"விடியக்காலம் இருந்துச்சுங்க."

"வீட்டுல வேற பிள்ளை உண்டா?"

"பெரியவ ஒருத்தி. வெறகுக்குப் போயிருக்கா."

இனாமல் குவளையில் மருந்தை ஊற்றிக் கொடுத்தார். நீல விளிம்பு, ஒரு பக்கம் பொரிந்து இரும்பு தெரியும். அந்தக் கசப்பு நாக்கில் இல்லை, பல்லின் வேரில் இருந்தது. நான் குடித்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தியிருந்தன. குடித்ததும் அவள் மூச்சு விட்டாள்.

சாயங்காலம் என் காதுக்குள் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் கிளம்பியது. கொய்னா குடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று இப்போது தெரியும். அப்போது, அந்தக் கிரகம் வந்துவிட்டது, அதன் சத்தம்தான் இது என்று நினைத்தேன். தங்கை பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் உடம்பு அடுப்பங்கல் மாதிரி இருந்தது. "வண்டு சத்தம் ஒனக்கும் கேக்குதா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, பெரிய வண்டு" என்றாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை, என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

டிரெசர் மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் முதல் வாசல் எங்களது, முதல் பேர் அவளது. மூன்று நாளும் நான் போய் நின்று குடித்தேன். உள்ளே ஒரு பிள்ளை இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சத்தியம் பண்ணியிருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டுமில்லை. அந்த மருந்தைக் குடித்தால் கிரகம் என்னைத் தொடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று குடித்தேன். இந்த வரிக்குத்தான் இத்தனை வருஷம் பயந்தேன்.

ஐந்தாம் நாள், நல்ல வெயிலில், பால் நிறுக்கிற மணி அடிக்கும்போது, அவள் போய்விட்டாள்.

டிரெசர் வந்து சாக்குத் திரையை விலக்கிப் பார்த்தார். "இது யார்?" என்றார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "பெரியவ" என்றாள். அவர் பென்சிலை எடுத்து, புத்தகத்தில் என் பேரின் மேல் ஒரு கோடு போட்டார். அதற்குள் நீண்ட வரிசையாகப் பல கோடுகள் இருந்தன. ஆற்றங்கரையில் வைத்து மண் தள்ளினோம். வட்டக் கண்ணாடியை அன்றைக்கே ஆற்றில் எறிந்தேன்.

பெரிய கிராணி எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். மழை விட்டு வெகு நாள் கழித்துச் சீமையிலிருந்து கடிதம் வந்தது. தொரை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். குப்பாயி இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. புத்தகப்படி அவள்தான் உயிரோடு இருந்தாளே.

நாங்கள் போனபோது தொரை ஆபீஸில் இல்லை; கடிதத்தைக் கிராணிதான் தமிழில் சொன்னார். அங்கே மாதக்கணக்கில் மேகமாம். மேகம் விலகிப் பார்த்தால், கணக்குப் போட்ட இடத்தில் அந்தச் சின்னக் கிரகம் இல்லை. தொலைந்து போய்விட்டது. பாதை தெரியாமல் நம்பர் இல்லை, நம்பர் இல்லாமல் பேர் இல்லை. பேர் வைக்கவே இல்லை. இனி எந்தக் காலத்திலாவது யாராவது மறுபடி கண்டால், அவர்கள் இஷ்டப்பட்ட பேரை வைத்துக்கொள்வார்கள்.

சொல்லி முடித்துக் கிராணி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். மேசையில் கிடந்த ஆள் புத்தகத்தை இழுத்துத் திறந்து, கோடு போட்ட பேரைப் பார்த்தார். புத்தகத்தை மெதுவாக மூடினார்.

வெளியே வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "திருத்தப் போனால் டிரெசருக்குப் பொய் சொன்ன கதை வெளியில வரும். உன்ர புருசனுக்கு வேலை போகும். இருக்கட்டும், பிள்ளை. அப்பிடியே இருக்கட்டும்."

அப்படியே இருந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில், கல்யாணப் பத்திரிகையில், அடையாள அட்டையில், வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் ஐயர் சொல்வது எல்லாம் அவள் பேர். உங்களுக்குத் தெரிந்த பேரும் அதுதான். அதனால்தான் இந்தக் கட்டுரைக்குக் கீழே பேர் போடவில்லை. என் சொந்தப் பேர் ஒரு பழைய புத்தகத்தில் கோட்டுக்குக் கீழே கிடந்தது. ஜப்பான்காரன் வந்தபோது ஆபீஸோடு அதுவும் எரிந்துபோனதாகக் கேள்வி.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு ஈப்போவில்தான் இருந்தாள். போவதற்கு முதல் நாள், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து யாரையோ கூப்பிட்டாள். யார் பேரைச் சொல்கிறாள் என்று தெரியாமல், விருந்தாள் வந்திருக்கிறார்களோ என்று வாசலை எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. மறுபடி கூப்பிட்டாள். கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது தரம் கூப்பிட்டபோதுதான் அது என் பேர் என்று தெரிந்தது. ஓடிப் போனேன். கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். அப்புறம் பேசவில்லை.

அவளை நான் குறை சொல்லவில்லை. இரண்டு பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட்டு நின்றவள். அம்மனும் எனக்கு ஒரு குறை வைக்கவில்லை. பிள்ளைகளைக் கொடுத்தாள், வீட்டைக் கொடுத்தாள்.

அந்தச் சின்னக் கிரகத்துக்குப் பக்கத்தில் எழுதுவதற்காகத் தொரை ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். கிராணி அதை எனக்குச் சொல்லியிருக்கிறார்: 'மலாய் நாட்டுத் தோட்டம் ஒன்றில், நிலாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று கண்டு சொன்ன குழந்தை.' அவளைப் பற்றி இந்த உலகத்தில் எழுதப்பட்டது அது ஒன்றுதான். அதுவும் எங்கேயோ போய்விட்டது. அதனால் இங்கே திரும்ப எழுதி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். என் தம்பியைப் பார்த்தால் அவனிடமும் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அம்மாவுக்காக இரக்கப்பட்டு ஒன்றைக் குறைக்காதீர்கள், எனக்காக இரக்கப்பட்டு ஒன்றைக் கூட்டாதீர்கள். பேரைச் சொன்னது நான். மருந்தைக் குடித்தது நான். கிரகம் கொண்டு போனது என்று மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். அது பாவம், வழி தெரியாமல் போன சின்னக் கல். அது யாரையும் கூப்பிடவில்லை.